தண்டவாளத்தைக் கண்காணிக்கும் டிரோன்: பறப்பது பாதி, கம்ப்யூட்டர் வேலை பாதி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "டிரோன், செயற்கை அறிவு என்றெல்லாம் பேப்பரில் படிக்கிறோமே, அதற்கும் நம் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" நிறையச் சம்பந்தம் உண்டு. ரயில் தண்டவாளங்களை டிரோன் கொண்டு சோதிக்கும் முறையை எடுத்துக்கொண்டு இந்த இதழில் அதை விளக்குகிறேன். டிரோன் என்பது பறக்கும் கேமரா மட்டுமே. குறையைக் கண்டுபிடிக்கும் வேலை தரையில், கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது.

தண்டவாளத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டு இரும்புப் பட்டைகள்தானே என்று நினைக்காதீர்கள். தண்டவாளத்தின் கீழே கான்கிரீட் ஸ்லீப்பர்கள், அவற்றின் கீழே ஜல்லி, அதன் கீழே மண் கரை. நம் நாட்டின் முக்கிய அகலப் பாதைகளில் ஒரு கிலோ மீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர்கள் வரை இருக்கும். ஒவ்வொரு ஸ்லீப்பரிலும் தண்டவாளத்தை இறுகப் பிடிக்க நான்கு வளைந்த இரும்பு கிளிப்புகள். கணக்குப் போட்டால் ஒரு கிலோ மீட்டரில் 6,640 கிளிப்புகள்! இவற்றில் வரிசையாகச் சில கழன்றுவிட்டால் தண்டவாளம் நகர ஆரம்பிக்கும்.

இதோடு முடியவில்லை. மழையில் ஜல்லி அரித்துப் போகும். மலைப் பகுதியில் பாறை சரியும். கோடையில் இரும்பு விரிந்து, தண்டவாளம் பாம்பு போல் நெளிந்து விடுவதும் உண்டு.

இவற்றையெல்லாம் இன்றும் நடந்தே பார்க்கிறார்கள். கீமேன் என்று அழைக்கப்படும் ஊழியர் சுத்தியல், ஸ்பேனர், கொடிகளுடன் தனக்கு ஒதுக்கப்பட்ட சில கிலோ மீட்டர் தூரத்தைத் தினமும் நடந்து சோதிக்கிறார். மழைக்காலத்தில் இரவு ரோந்தும் உண்டு. ஒரு பாதையில் குனிந்து வேலை செய்யும்போது பக்கத்துப் பாதையில் ரயில் வரும் சத்தம் சில நேரம் காதில் விழாது. பணியில் இருக்கும்போதே ரயில் மோதி இறந்த பாதைத் தொழிலாளர்கள் நம் நாட்டில் உண்டு. எனவே "டிரோன் எவ்வளவு வேகமாகப் பார்க்கும்" என்பதைவிட, "ஒரு மனிதர் பாதையில் நிற்க வேண்டிய நேரத்தை அது எவ்வளவு குறைக்கும்" என்பதே முக்கியமான கேள்வி.

டிரோனில் இருப்பவை

சாதாரண நான்கு விசிறி டிரோன் ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் அரை மணி நேரம் பறக்கும். அதில் மூன்று வகைக் கருவிகளைப் பொருத்தலாம்.

முதலாவது, சாதாரண டிஜிட்டல் கேமரா. இரண்டாவது, வெப்பத்தைப் படம் பிடிக்கும் தெர்மல் கேமரா. மேலே செல்லும் மின் கம்பியில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடாகும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சூடு தெர்மல் கேமராவில் பளிச்சென்று தெரியும். மூன்றாவது, லைடார். இது லேசர் கதிர்களை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும். புதருக்கு அடியில் மறைந்திருக்கும் மண் சரிவைக்கூட, இலைகளின் இடைவெளி வழியே சென்று அளந்துவிடும்.

டிரோனில் ஜி.பி.எஸ். கருவியும் இருக்கும். சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டலாம். அது போதாது என்பதால், இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் இன்னொரு ஜி.பி.எஸ். கருவியை வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவார்கள். அப்போது பிழை இரண்டு மூன்று சென்டி மீட்டராகக் குறைந்துவிடும்.

ஒரு பிக்சலுக்கு எத்தனை மில்லி மீட்டர்?

புதிய கம்ப்யூட்டர்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. டிஜிட்டல் படம் என்பது பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளின் கூட்டம். சர்வே வேலைகளில் பயன்படும் 20 மெகா பிக்சல் கேமரா ஒன்றின் படத்தில் குறுக்கே 5,472 பிக்சல்கள் இருக்கும். டிரோன் 30 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்தப் படம் தரையில் 45 மீட்டர் அகலத்தைக் காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 மீட்டரை 5,472ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் தரையில் சுமார் 8 மில்லி மீட்டர். உயரம் 120 மீட்டர் ஆனால் ஒரு பிக்சல் சுமார் 33 மில்லி மீட்டர்.

கிளிப்பின் கம்பி சுமார் 20 மில்லி மீட்டர் தடிமன் கொண்டது. 120 மீட்டர் உயரத்தில் அது ஒரு பிக்சல்கூட இல்லை. 30 மீட்டரிலும் இரண்டரை பிக்சல்தான். கிளிப் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல அது போதாது. 10 மீட்டருக்கு இறங்கினால் ஏழு பிக்சல் கிடைக்கும். ஆனால் மின்மயப் பாதையில் தண்டவாளத்திலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அதற்குச் சற்று மேலே டிரோனைப் பறக்கவிடுவது ஆபத்து.

என்ன செய்வது? உயரத்தில் இருந்தபடியே ஜூம் லென்ஸ் பயன்படுத்தலாம். ஐந்து மடங்கு ஜூம் செய்தால் ஒரு பிக்சல் 2 மில்லி மீட்டருக்கும் குறைந்துவிடும். ஆனால் ஒரு படத்தில் அடங்கும் இடமும் சுருங்கும். படங்களின் எண்ணிக்கை ஐந்து மடங்காகும். கம்ப்யூட்டரில் எதுவும் இலவசமில்லை. தெளிவு வேண்டுமானால் ஹார்ட் டிஸ்க்கில் இடம் கொடுக்க வேண்டும்!

படங்கள் கம்ப்யூட்டருக்கு வந்த பின்

ஒரு விரலை மூக்குக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போல் தெரியும். தூரத்துச் சுவர் அவ்வளவாக மாறாது. அருகில் இருப்பது அதிகம் நகரும், தொலைவில் இருப்பது குறைவாக நகரும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சாப்ட்வேர் உயரத்தைக் கணக்கிடுகிறது.

இதற்காக ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் வருமாறு எடுப்பார்கள். பொதுவாக 70 முதல் 80 சதவீதம் வரை. மேலே சொன்ன கேமராவில், 30 மீட்டர் உயரத்தில், 80 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று வர வேண்டுமானால் 6 மீட்டருக்கு ஒரு படம் தேவை. கிலோ மீட்டருக்குச் சுமார் 167 படங்கள். படம் ஒன்று 8 எம்.பி. என்றால் கிலோ மீட்டருக்கு 1.3 ஜி.பி. நூறு கிலோ மீட்டருக்கு 130 ஜி.பி.

சாப்ட்வேர் ஒவ்வொரு படத்திலும் ஜல்லியின் மூலை, ஸ்லீப்பரின் விளிம்பு போன்ற அடையாளங்களைத் தேடி, அடுத்த படத்தில் அதே அடையாளம் எங்கே என்று பொருத்துகிறது. இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து பாதையின் முப்பரிமாண மாதிரி உருவாகிறது. சென்ற மாத மாதிரியையும் இந்த மாத மாதிரியையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், கரையில் மண் எங்கே இறங்கியிருக்கிறது, பாலத் தூணருகே எங்கே அரிப்பு என்பதெல்லாம் வேறு நிறத்தில் தெரியும்.

குறையைக் கண்டுபிடிப்பது யார்?

ஆயிரக்கணக்கான படங்களை ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் கண் பூத்துவிடும். எனவே நல்ல கிளிப், கழன்ற கிளிப் என்று ஏராளமான படங்களை முன்கூட்டியே காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். பிறகு அது புதிய படங்களில் சந்தேகப்படும் இடங்களில் கட்டம் போட்டுக் காட்டும்.

ஆனால் ஒரு கணக்கு. அந்தப் புரோகிராம் நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 6,640 கிளிப்புகளில் 66 இடங்களில் தப்பாகச் சொல்லும், அதுவும் ஒரே கிலோ மீட்டரில்! நல்லதைக் கெட்டது என்றால் ஒரு நடைதான் வீண். கெட்டதை நல்லது என்றால் ஆபத்து. அதனால்தான் கம்ப்யூட்டர் காட்டிய பிறகும் மனிதர் பார்த்து முடிவு செய்கிறார்.

எங்கெல்லாம் பயன்படுகிறது?

அமெரிக்காவில் பி.என்.எஸ்.எப். என்ற ரயில்வே நிறுவனம், இயக்குபவரின் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு டிரோனைப் பறக்கவிடும் ஆய்வில் 2015ல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகத்துடன் சேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 132 மைல் பாதையில் 'ஸ்கேன் ஈகிள்' என்ற டிரோனைச் சோதித்தது. இது இறக்கை கொண்ட சிறு விமானம் போன்றது. எரிபொருளில் ஓடுவதால் பல மணி நேரம் பறக்கும்.

பிரான்சின் எஸ்.என்.சி.எப். ரயில்வே, டிரோன் வேலைகளுக்காக 2017ல் 'ஆல்டாமெட்ரிஸ்' என்ற தனி நிறுவனத்தையே தொடங்கியது. பிரிட்டனின் நெட்வொர்க் ரயிலும் டிரோன்களைப் பயன்படுத்துகிறது.

நம் நாட்டில் ஜபல்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மேற்கு மத்திய ரயில்வே முதலில் டிரோன் கேமராக்களை வாங்கியது. பாலங்கள், புதிய பாதை வேலைகள், யார்டுகளில் வெள்ளோட்டம் நடந்ததாக 2018 ஜனவரியில் ரயில்வே அமைச்சகம் அறிவித்தது.

டிரோனால் முடியாதவை

தண்டவாள இரும்பின் உள்ளே இருக்கும் விரிசலை எந்தக் கேமராவும் காட்டாது. அதற்கு அல்ட்ரா சோனிக் கருவியைத் தண்டவாளத்தின்மேல் தள்ளிச் செல்ல வேண்டும். நம் அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லி மீட்டர். அதில் ஏற்படும் சில மில்லி மீட்டர் மாற்றத்தை, ஒரு பிக்சல் 8 மில்லி மீட்டராக இருக்கும் படம் எப்படிக் காட்டும்? அதற்குத் தனி அளவைப் பெட்டிகள் ரயிலாக ஓடுகின்றன. பலத்த காற்று, மழையில் சிறிய டிரோன் பறக்காது. கழன்ற கிளிப்பைத் திரும்ப அடித்து மாட்டவும் அதற்குத் தெரியாது.

ஆக, டிரோன் கீமேனின் வேலையைப் பறிக்க வந்தது அல்ல. ஆறு கிலோ மீட்டரும் குனிந்து தேட வேண்டிய இடத்தில், "இந்த நான்கு இடங்களைப் பாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், அவர் ரயில் இல்லாத நேரத்தில், துணையுடன் போய் வேலை செய்யலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்கு டிரோன் வேண்டாம். மொபைலில் எடுத்த ஒரு படத்தைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். விண்டோஸில் அந்தப் பைல்மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' தேர்ந்தெடுத்து, 'டீடெய்ல்ஸ்' டேபைத் திறங்கள். படம் எடுத்த நேரம், லென்ஸ் விவரம், மொபைலில் லொக்கேஷன் இயங்கியிருந்தால் ஜி.பி.எஸ். அளவுகளும் தெரியும். டிரோன் படத்தை வரைபடத்தில் பொருத்துவதும் இந்தத் தகவல்தான். படத்தை அப்படியே பிறருக்கு அனுப்பினால் உங்கள் வீட்டு இடமும் சேர்ந்து போகலாம்; கவனம்!

அடுத்து, ஒரு பூந்தொட்டியைச் சுற்றி வந்து 40 படங்கள் எடுங்கள். 'ஓப்பன் டிரோன் மேப்' என்ற இலவச சாப்ட்வேரில் கொடுத்தால் முப்பரிமாண மாதிரி கிடைக்கும். ராம் 16 ஜி.பி. இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் படங்களின் அளவைச் சுருக்கிக் கொடுங்கள். கம்ப்யூட்டர் திணறும், பொறுமையாக இருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் ரயில் பாதைக்குப் போய் டிரோன் பறக்கவிட வேண்டாம். அனுமதியின்றி ரயில்வே இடத்தில் நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். டிரோனுக்கென 2021ல் வந்த விதிகளும் உள்ளன. சிறிய டிரோன் என்றாலும், எந்தப் பகுதியில் பறக்கலாம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பூந்தொட்டியே போதும்.