புள்ளி எழுத்தில் நின்றுபோகும் நிரல்

சிலிம் ரிவரில் ஒரு மாணவர், ஈப்போவில் இன்னொருவர், சென்னையில் மூன்றாமவர். மூவரும் சேர்ந்து தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'அம்மா' நமக்கு 3 எழுத்து. பைத்தான் எண்ணினால் 5 குறியீடு. இந்தக் கணக்கைச் சரிசெய்ய முத்து அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' நிரலகம் இருக்கிறது. எம்ஐடி உரிமத்தில் கிடைப்பதால் யாரும் எடுத்தாளலாம், திருத்தம் செய்தும் அனுப்பலாம்.

சென்னை நண்பரின் லினக்ஸ் கணினியில் சொற்பட்டியல் தடையில்லாமல் திறக்கிறது. சிலிம் ரிவரின் விண்டோஸ் மடிக்கணினியிலோ முதல் சொல்லிலேயே பிழை: 0x8d என்ற பைட்டைப் படிக்க முடியவில்லையாம். கோப்பின் குறியேற்றம் எதுவென்று நாம் சொல்லாவிட்டால், விண்டோஸில் பைத்தான் இத்தனை காலமும் சிபி1252 போன்ற பழைய முறையையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. யூடிஎஃப்-8இல் நம் புள்ளிக்கு 3 பைட். கடைசி பைட் 8d. சிபி1252இல் அந்த இடம் காலி. அதனால் 'அ' தப்பிவிடுகிறது, 'ம்' மாட்டிக்கொள்கிறது.

புதிதாகச் சேர்ந்த ஒருவரின் ஆர்வம் வடிந்துபோவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். தமிழுக்கு உழைக்க வந்தவரின் வார இறுதி, மென்பொருள் நிறுவுவதிலேயே கழியக் கூடாது.

இதற்குத்தான் கண்டெய்னர். அது தனிக் கணினி அன்று. லினக்ஸ் கருவைப் பகிர்ந்துகொண்டு, கோப்புகளையும் இயங்கும் நிரல்களையும் மட்டும் தனியே அடைத்து வைக்கும் ஏற்பாடு. லினக்ஸில் ஏற்கெனவே இருந்த இந்த வசதியை, 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்திய டாக்கர் எல்லாருக்கும் எளிதாக்கியது. விண்டோஸில் டாக்கர், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் 2 வழியாக ஓடும்.

திட்டக் கோப்புறையில் 'டாக்கர்ஃபைல்' என்று ஓர் உரைக்கோப்பு: எந்தப் பைத்தான், எந்த நிரலகங்கள் என்பது அதில். பதிப்பை 3.12 என்று எண்ணாகவே எழுதுங்கள். 'லேட்டஸ்ட்' என்று விட்டால் ஆளுக்கொரு பதிப்பு வந்து இறங்கும். விஎஸ் கோடு பயன்படுத்துவோர் 'டெவ்கண்டெய்னர்' கோப்பையும் சேர்த்தால், திறந்ததுமே சூழல் தயாராகும். இரண்டையும் நிரலோடு சேர்த்தே, மாற்றங்களைப் பதிந்து பகிரும் 'கிட்' களஞ்சியத்தில் ஏற்றுவதுதான் முக்கியம். ஒருவர் மாற்றினால் மற்ற இருவருக்கும் அதே மாற்றம் போய்ச்சேரும்.

கண்டெய்னருக்கு அடிப்படையாக இறங்கும் முழுப் பைத்தான் படிமம் விரிந்தால் ஏறத்தாழ 1 ஜிபி. 'ஸ்லிம்' வகை அதில் சிறு பங்குதான், ஆனால் கிட், சி கம்பைலர் இரண்டும் அதில் இல்லை; தேவையானால் நாமே சேர்க்க வேண்டும். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் டபிள்யூஎஸ்எல் பாதிவரை எடுத்துக்கொள்ளக்கூடும். அமைப்புக்கோப்பில் அதற்கு வரம்பு வைக்கலாம். நிரலை விண்டோஸ் வட்டில் வைக்காமல் டபிள்யூஎஸ்எல் உள்ளேயே வைத்தால் வேகம் நன்றாகக் கூடும்.

கண்டெய்னருக்குள் யூடிஎஃப்-8 இயல்பாகவே இருப்பதால் அந்த 8d பிழை அங்கே தலைகாட்டாது. ஆனால் நிரலை விண்டோஸில் நேரடியாக நிறுவும் பயனருக்கு அது அப்படியே காத்திருக்கிறது. ஆகவே கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் தானாக ஓடும் விண்டோஸ் சோதனை ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். பொதுத் திட்டங்களுக்கு அது இலவசம்.