உப்புக் காற்றும் சுவர்ப் பூச்சும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை, பழைய வீட்டின் சுவரில் உப்புப் பூத்தவுடன் பலர் சிமெண்டு பூசிவிடுகின்றனர். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவருக்கு இதனினும் கேடு வேறில்லை. உப்பு ஈரத்தை இழுக்கும். சிமெண்டு அதனை வெளியே விடாது. உள்ளேயே காயும் உப்பு பளிங்காகிச் செங்கல்லைப் பொடியாக்கும். தறி அச்சுவரையொட்டி இருப்பின் கஞ்சியிட்ட பாவும் பூஞ்சை பிடிக்கும்.

பூத்த உப்பைக் கழுவலாகாது. கரைந்து மீண்டும் உள்ளேறும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டி அகற்றுக. பின்னர்ச் சுவரை நனைத்து, நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பை மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே சுண்ணாம்பு இறுகுமாதலால், ஒவ்வொரு பூச்சிற்கும் ஒரு நாளேனும் இடைவெளி தேவை. கடல் மணலைக் கலவையில் சேர்ப்போர் (மலிவென்றுதான்!) உப்பையே சுவரில் ஏற்றுகின்றனர். இவ்வேலைகளை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுக.