வரையாட்டுக்கு மெட்டர்னிட்டி லீவு!

ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து டூர் போவது கல்யாணப் பேச்சு மாதிரி. பேசுவது ஒரு வருஷம், கிளம்புவது ஒரு நாள்! இந்தத் தடவை மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்கா என்று முடிவாகி, பிளான் போடும் வேலை என் தலையில் விழுந்தது. (கேஷ் செக்ஷன்காரன் கணக்காகச் செலவழிப்பானாம்!)

முதல் சிக்கல் மானேஜர். "மார்ச் குளோஸிங்குக்கு முன்னாடி, பிப்ரவரியிலே போயிட்டு வந்துடுங்கப்பா" என்றார். அங்கேதான் இடி! பிப்ரவரி, மார்ச் வரையாடுகள் குட்டி போடும் காலம். பூங்காவையே பூட்டிவிடுவார்கள். "சார், ஆடு மெட்டர்னிட்டி லீவுல இருக்கு" என்றேன். சிரித்துவிட்டார். டிசம்பருக்கு மூன்று நாள் சாங்ஷன்!

வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆனால் அதை அருகில் பார்க்கக் கேரளா போகணும். வேடிக்கைதான்! ஒரு காலத்தில் தோட்டத் துரைமார்கள் வேட்டையாடிய புல்மலை அது. 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் உச்சி, 2,695 மீட்டர் ஆனைமுடி, அங்கேதான் இருக்கிறது.

போக இரண்டு வழி. போடி வழியென்றால் 17 கொண்டை ஊசி வளைவு. வயிறு லேசாக இருப்பது நல்லது. 2023-லிருந்து சென்னை ரயில் போடி வரை வருகிறது. உடுமலை வழியென்றால் சின்னாறு காட்டுக்குள் ரோடு. ராத்திரியில் செக்போஸ்ட்டை மூடிவிடுவார்கள் என்பதால் பகலிலேயே தாண்டிவிட வேண்டும். ராஜமலை கேட்டுக்கு மேலே சொந்த வண்டி போகாது, வனத்துறை பஸ்தான். காலையிலேயே போய்விட்டால் கூட்டம் குறைவு. பிளாஸ்டிக் பையை ரூமிலேயே விட்டுவிடுங்கள். ஸ்வெட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள்!

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது எங்கள் 'வீரர்' ஒருத்தர் கிளப்பினார்: "குரங்கணிப் பக்கமா ஏறிடலாம் மச்சி. பர்மிஷனாவது ஒண்ணாவது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2018 மார்ச் 11. அதே குரங்கணி மலையில் காட்டுத் தீ. டிரெக்கிங் போனவர்களில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அவர்களும் நம்மைப் போல லீவு போட்டு, டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு போன பிள்ளைகள்தான். காய்ந்த புல்லில் தீ பிடித்தால், மேட்டில் ஏறி ஓடுகிற மனுஷனைவிட அது வேகமாக ஏறும்.

"டேய், மாசா மாசம் உன் மணியார்டரை எதிர்பார்த்து வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டேன். வீரர் யோசித்தார். "மூணு பேரு..." என்றார். அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. வனத்துறை பஸ்ஸிலேயே போவதாக ஏகமனதாகத் தீர்மானம்!

இன்னொரு விஷயம். மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூட்டமாகப் பூக்கும். 2006, 2018... அடுத்தது 2030. அதற்குள் எங்களில் யார் எந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபரோ, யார் இடுப்பில் எத்தனை குழந்தையோ!

2030-க்கு லீவ் லெட்டரை இப்போதே எழுதி, நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். பத்திரமாகப் போய் முழுசாகத் திரும்பி வருகிறவனுக்குத்தானே அடுத்த டூர்!