விட்டம் போடத் தெரிந்தவர் இறக்கை செய்யலாம்

1910-இல் சென்னையில் ஒரு விமானம் உருவானது. அதைச் செய்தது குதிரைவண்டிப் பட்டறை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், அதற்கு முந்தைய ஆண்டு பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியில் மயங்கியவர். தானே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டு, சிம்சன் கம்பெனியிடம் கொடுத்தார். 1840-இல் கோச்சு வண்டி கட்டத் தொடங்கிய கம்பெனி அது. விமானம் பல்லாவரம் பக்கம் பறந்ததாகச் சென்னை வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே விமானத்தில் தபால் கொண்டுபோன புகழ்பெற்ற நாள் 1911 பிப்ரவரி 18. சென்னை முயற்சி அதற்கு ஏறக்குறைய ஓராண்டு மூத்தது.

டி ஏஞ்சலிஸ் வண்டிப் பட்டறையிடம் ஏன் போனார்? அன்றைய விமானத்துக்கு வேண்டிய கைவேலை முழுவதும் அங்கேதான் இருந்தது. மரத்தை வளைப்பது, எடை குறைய இழைப்பது, மூட்டு விடாமல் சேர்ப்பது, மேலே துணியை இழுத்துக் கட்டுவது. இன்றும் வீட்டுக் கொட்டகையில் சின்ன விமானம் கட்டுகிறவர்களில் ஒரு சாரார் இதே வழியில்தான் போகிறார்கள். அமெரிக்காவில் பெர்னார்டு பீட்டன்போல் 1920-களின் கடைசியில் ஃபோர்டு கார் எஞ்சினை வைத்துப் பறக்கவிட்ட ஏர் கேம்பர் மர விமானத்தை, அதே வரைபடத்தைப் பார்த்து இன்னமும் செய்கிறார்கள்.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. பக்கத்தில் இருப்பது மதுரை. ஆனால் நல்ல தச்சர்களுக்கு இங்கே குறைவில்லை. எனவே கேட்டுப் பார்க்கலாம்: நம்மூர்த் தச்சர் ஒருவர் விமான இறக்கை செய்ய முடியுமா? முடியும் என்பதே என் கட்சி. கைவேலை அவருக்குப் பழகியதுதான். மரத்தைத் தேர்வதிலும் பசையிலும்தான் அவர் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இறக்கைக்குள் நெடுக ஓடும் உத்தரத்துக்கு ஸ்பார் என்று பெயர். தச்சருக்கு அது விட்டம். வீட்டு விட்டத்தைக் கூரையின் பாரம் கீழ்நோக்கி வளைக்கிறது. பறக்கும்போது ஸ்பாரைக் காற்று மேல்நோக்கி வளைக்கிறது. அப்போது மேல்பக்கச் சட்டம் நசுங்கப் பார்க்கும், கீழ்ப்பக்கச் சட்டம் இழுபடும். மரம் இழுவையைத் தாங்கும் அளவுக்கு நசுக்கலைத் தாங்காது. அதனால் மேல் சட்டத்தைத் தடிமனாக வைப்பார்கள். இரண்டு சட்டங்களையும் இரு பக்கமும் மெல்லிய ப்ளைவுட் ஒட்டிப் பெட்டிபோல் மூடுவது வழக்கம். ப்ளைவுட்டின் ரேகை 45 டிகிரி சாய்வாக ஓட வேண்டும். நேராக ஒட்டினால் பாதி பலம் வீண். ஸ்பார், விமான உடலோடு சேரும் இடத்தில் பருத்தும், நுனிக்குப் போகப் போக மெலிந்தும் இருக்கும்.

இதற்கு எந்த மரம்? நம் மரவாடியில் தேக்கைத்தான் முதலில் காட்டுவார்கள். வேண்டாம். ஒரு கன மீட்டர் தேக்கு 650 கிலோ அளவுக்கு வரும். விமானக்காரர்கள் நாடும் சிட்கா ஸ்ப்ரூஸ் 400 கிலோவைச் சுற்றித்தான். தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டுவதற்கும் இடைஞ்சல். தமிழ்நாட்டில் ப்ளைவுட்டுக்காக நிறைய நடுகிற மலைவேம்பு எடை குறைந்ததுதான். ஆனால் மடமடவென்று வளர்வதால் வளையங்கள் அகலமாக விழும். விமானத்துக்கென்று தரச்சான்று பெற்ற மரமும் அல்ல. ஸ்ப்ரூஸைத் தேர்வு செய்யும்போது அங்குலத்துக்கு ஆறு வளையங்களாவது இருக்கிறதா என்று எண்ணுவார்கள். 15 அங்குல நீளத்துக்கு ரேகை ஓர் அங்குலத்துக்கு மேல் விலகிப் போனால் அந்தப் பலகையை ஒதுக்கிவிடுவார்கள். ஸ்பாரில் கணு விழுந்த இடம் நாளைக்கு முறியும் இடம். கதவுக்கு மரம் எடுக்கும்போது இத்தனை கறார் யாரும் காட்டுவதில்லை.

குறுக்கே வரும் விலா எலும்புகள்தாம் ரிப். ஒரு தட்டையான பலகையில் இறக்கையின் வளைவை வரைந்து, சுற்றிலும் சின்னக் கட்டைகளை அடித்தால் அச்சு தயார். அதில் கால் அங்குலக் குச்சிகளை வளைத்துப் பொருத்தி, மூட்டுகளில் ப்ளைவுட் துண்டுகளை ஒட்ட வேண்டும். அச்சோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அடியில் மெழுகுத்தாள் போடுவார்கள். ஒரு ரிப் 200 கிராம் சுமார்தான் வரும். சிறிய விமானத்துக்கு முப்பது வரை தேவைப்படும். பொறுமை உள்ளவருக்கு மாலை நேர வேலை.

பசைதான் உண்மையான விவகாரம். மரச்சாமான் கடையில் பாட்டிலில் விற்கும் வெள்ளைப் பசை, தொடர்ந்து பாரம் ஏறினால் மெல்ல இளகிக் கொடுக்கும்; விமானத்தில் அதற்கு இடமில்லை. ரிசார்சினால் அல்லது எப்பாக்ஸிதான். ரிசார்சினாலுக்கு இடைவெளியே இல்லாத மூட்டும், கிளாம்ப் போட்டு இறுக்கும் அழுத்தமும் வேண்டும். எப்பாக்ஸி கொஞ்சம் மன்னிக்கும், ஆனால் சூட்டில் இளகும். திண்டுக்கல்லின் சித்திரை வெயிலில் கறுப்பு பெயிண்ட் அடித்த இறக்கையைத் தொட்டுப் பார்த்தால் கை சுட்டுவிடும். அதனால்தான் மர இறக்கைகளுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். நம்மூர்ச் சூட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு: கலக்கிய எப்பாக்ஸி கிண்ணத்திலேயே சீக்கிரம் இறுகத் தொடங்கிவிடும்.

இந்தியாவின் வெயிலும் பசையும் பற்றிப் பேசினால் மொஸ்கிட்டோவை விட முடியாது. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் மரப் போர் விமானம் அது. 1944-இல் இந்தியப் பகுதியில் சில மொஸ்கிட்டோக்களின் இறக்கைகள் வானத்திலேயே பிய்ந்தன. நவம்பரில் இங்கிருந்த அந்த ரக விமானங்களைப் பறக்க விடாமல் நிறுத்திவைத்தார்கள். பழி முதலில் நம் வெயில் மேலும் ஈரத்தின் மேலும்தான் விழுந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, மேல்பலகைக்கும் ஸ்பாருக்கும் நடுவே இடைவெளி விட்டு ஒட்டிய தொழிற்சாலைக் குறைதான் பெரிது என்று தெரிந்தது. வெயில் குறையை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவே.

ஒட்டு நன்றாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், மிச்சத்தில் இரண்டு துண்டுகளை ஒட்டிவைத்து, காய்ந்ததும் உடைக்க வேண்டும். மரம் கிழிந்து வந்தால் ஒட்டு சரி. பசைக்கோட்டில் சுத்தமாகப் பிரிந்தால் அன்றைக்கு ஒட்டியது அத்தனையும் குப்பை.

முடிந்த இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து மணல் மூட்டை அடுக்குவது கடைசிச் சோதனை. சாதாரணச் சின்ன விமானங்களுக்கு 3.8 மடங்கு பாரம் கணக்கு. மொத்தம் 300 கிலோ விமானத்தில், இறக்கையின் சொந்த எடையான 50 கிலோவைக் கழித்துவிட்டால், 250 கிலோ பெருக்கல் 3.8, அதாவது 950 கிலோ. 50 கிலோ மூட்டையில் பத்தொன்பது. இதில் நிரந்தரக் கோணல் விழக்கூடாது. முறியும் எல்லை இதற்கு ஒன்றரை மடங்கு மேலே இருக்க வேண்டும் என்பது விதி.

மர இறக்கை இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. டெல்லி சஃப்தர்ஜங்கில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி கிளைடர் 1961-இல் பறந்தது. மரத்தால் ஆனது, இறக்கையின் முனைக்கு முனை 16 மீட்டருக்கு மேல். இந்திய கிளைடர் பயிற்சிப் பிள்ளைகள் பலர் அதில்தான் கற்றார்கள். ராமாமிர்தத்தின் பெயரை நம் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை, இருக்க வேண்டும்.

தானே வடிவமைக்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஹென்றி மிஞ்ஞேயின் கதை போதும். 1930-களில் அந்தப் பிரெஞ்சுக்காரர் எழுதிய புத்தகத்தைப் பார்த்து ஐரோப்பா முழுக்க அவருடைய குட்டி விமானத்தைச் செய்தார்கள். மரவேலையில் குறையில்லை, முன், பின் இறக்கைகள் அமைந்த விதத்தில் கோளாறு. மூக்கு குத்தி இறங்கினால் மீள முடியவில்லை. பலர் இறந்தார்கள், தடையும் வந்தது. ஆகவே ஏற்கெனவே பலர் கட்டிப் பல ஆண்டு பறந்த வரைபடத்தை விலைக்கு வாங்குங்கள்.

இங்கே சட்டமும் உண்டு. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் அனுமதி இல்லாமல் பறப்பது குற்றம். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் அந்தத் தாளுக்காகப் பல ஆண்டுகள் அலைந்தார். கேரளத்தின் தொடுபுழா பக்கத்தைச் சேர்ந்த, காது கேளாத, பேச முடியாத சஜி தாமஸ் தானே கட்டிய விமானம் பறந்தது நம் மணிமுத்தாறில்.

ஆசை இருப்பவர்கள் எஞ்சினிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரே ஒரு ரிப் செய்யுங்கள். சில நூறு ரூபாய் மரமும் பசையும் போதும். காய்ந்ததும் உடைத்துப் பாருங்கள். மரம் கிழிந்தால் இரண்டாவது ரிப்பைத் தொடங்கலாம்.