வகுப்பறைக்கு யார் காவல்?

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தனியார் குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து 76 சிறார்கள் மீட்கப்பட்டார்கள். எல்லாரும் அஸ்ஸாம், மணிப்பூர் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். பலர் தொடக்கப்பள்ளி வயதைத் தாண்டாதவர்கள். இலவசப் படிப்பு என்று ஆசைகாட்டித் தரகர்கள் அழைத்து வந்திருந்தார்கள். திப்ருகருக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் அப்போது விடப்படவில்லை. அது வந்ததே 2011 நவம்பரில்தான். வண்டி மாறி மாறித்தான் வந்திருக்க வேண்டும்.

படிப்பு என்றால் குமரி மாவட்டத்தின் பெயர் எங்கும் எடுபடும். நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு 1819-லேயே மிஷன் பள்ளி உண்டு. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பெற்றதும் இம்மாவட்டமே. ஆனால் இங்கே பள்ளி நன்றாக இருந்தது என்பதைவிட, அங்கே பள்ளி நடக்கவில்லை என்பதுதான் இந்தப் பிள்ளைகள் வந்ததற்குப் பெரிய காரணம். 2008-இல் மணிப்பூரில் ஆயுதக் குழுக்கள் சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு போகின்றன என்று ஊரே அஞ்சிக் கிடந்தது. 2009 ஜூலை 23 அன்று இம்பால் கடைத்தெருவில் போலீஸ் கமாண்டோக்கள் நடத்திய துப்பாக்கிச்சூட்டை எதிர்த்து மாணவர் அமைப்புகள் வகுப்புகளைப் புறக்கணித்தன. செப்டம்பரில் பூட்டிய பள்ளிகள் ஜனவரியில்தான் திறந்தன. பிள்ளையின் ஓர் ஆண்டு பாழாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரிடம் தரகர் அதிகம் பேச வேண்டியதில்லை.

தமிழகத்து அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007 முதல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்துவந்தது. இந்த 76 பேரின் கதையும் அதில் வந்து சேர்ந்தது. 2010 செப்டம்பர் 1 அன்று பிறந்த உத்தரவு இரண்டு முனைகளையும் பிடித்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அல்லது தொடக்கப்பள்ளி நிலையில் உள்ள குழந்தைகளைப் படிப்புக்கென்று வெளிமாநிலம் அனுப்ப மணிப்பூருக்கும் அஸ்ஸாமுக்கும் தடை விழுந்தது. அந்த மாநிலங்களில் பள்ளிக் கட்டடங்களிலும் விடுதிகளிலும் பாதுகாப்புப் படையினர் தங்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. முதலாவது, நோய் முற்றிய இடத்தில் போட்ட கட்டு. வேரைத் தொட்டது இரண்டாவதுதான்.

கலவரப் பகுதியில் படைகளுக்குப் பள்ளிதான் வசதியான முகாம். ஊருக்கு நடுவில் சிமெண்ட் கட்டடம், சுற்றுச்சுவர், கிணறு, மொட்டைமாடி எல்லாம் தயாராக இருக்கும். மாடியில் மணல் மூட்டை ஏறும், வாசலில் முள்கம்பி வரும், மிச்சமுள்ள அறைகளில் மூன்று வகுப்பை ஒன்றாக உட்காரவைப்பார்கள். கழிப்பறையைக் காவலர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதலில் பள்ளியைவிட்டு நிற்பது பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள். பீகார், ஜார்க்கண்டில் இப்படி நடந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2009-இல் விரிவாகப் பதிவு செய்தது. மாவோயிஸ்டுகள் பள்ளிகளை வெடிவைத்துத் தகர்த்தபோது சொன்ன சமாதானம், அங்கே போலீஸ் தங்குகிறது என்பது. தகர்க்கப்பட்டவற்றில் பலவற்றில் அப்போது எந்தப் படையும் இல்லை. ஒரு பள்ளியில் முகாம் போட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் ஆபத்து என்று அர்த்தம். சத்தீஸ்கரில் படைகள் நான்கு மாதத்துக்குள் பள்ளிகளைக் காலிசெய்ய வேண்டும் என 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது, சமூகவியலாளர் நந்தினி சுந்தர் தொடுத்த வழக்கில்.

படை தங்கினால் பள்ளிக்கு ஆபத்து என்பதையே போர்ச்சட்டமும் சொல்கிறது. ஜெனிவா ஒப்பந்தங்களுக்கான 1977 முதல் கூடுதல் நெறிமுறையின் 52-ஆம் பிரிவுப்படி பள்ளி தாக்கத்தகாத இடம். ராணுவப் பயன்பாட்டுக்குப் போனால் அந்தக் காப்பு போய்விடும். ஐயம் இருந்தால் அது பள்ளிதான் என்று கொள்ள வேண்டும். சட்டம் இருந்தும் நடந்தவை உண்டு. குமரியின் தலைநகர்ப் பெயரையே கொண்ட யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கு நாகர்கோவிலில், 1995 செப்டம்பர் 22 அன்று பள்ளி வளாகத்தில் இலங்கை விமானப்படையின் குண்டுகள் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மாண்டார்கள். 2015 மே மாதம் ஓஸ்லோவில் பிறந்த பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. இந்தியா சேரவில்லை.

நாட்டுக்குள் கைவசம் இருப்பது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். ஆயுதக் குழு ஒன்று சிறாரைச் சேர்த்தாலோ பயன்படுத்தினாலோ ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது 83-ஆம் பிரிவு. குழந்தைகளை வைத்திருக்கும் ஒவ்வொரு இல்லமும் பதிவு பெற வேண்டும் என்பது 41-ஆம் பிரிவு. குமரி போல வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும் மாவட்டங்களுக்கு முதன்மையானது இந்தப் பிரிவுதான்; பதிவேட்டில் பெயரில்லாத குழந்தையைத் தேடிக் குழந்தைகள் நலக் குழு எங்கே போகும்?

வளர்ந்த மாணவர்களின் நிலை வேறு. அவர்கள் இடம்பெயர்ந்து படிப்பதைத் தடுப்பதற்கில்லை. ஒழுங்காக ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 2023 மே 3 அன்று மணிப்பூரில் மீண்டும் கலவரம் மூண்டு, பள்ளி, கல்லூரிக் கட்டடங்கள் பலவும் அகதி முகாம்களாயின. அந்த ஆண்டு கேரளத்தின் கண்ணூர் பல்கலைக்கழகம் மணிப்பூர் மாணவர்களுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியது. சான்றிதழ்களைப் பிறகு கொடுத்தால் போதும் என்று அவகாசமும் தந்தது.