சைலன்சரை மாற்றும் முன் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள்

நாட்றம்பள்ளியில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையோரம் அதிகாலையில் சிறிது நேரம் நின்றால், இந்த வட்டாரத்தின் பிழைப்பு எதன்மீது ஓடுகிறது என்பது விளங்கிவிடும். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கும் காலணி ஆலைகளுக்கும் முதல் ஷிப்டுக்கு விரைவோரின் 100 சிசி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே செல்கின்றன. விடுமுறை நாள் என்றால், ஏலகிரி மலையை நோக்கிப் பெங்களூரிலிருந்து வரும் பெரிய வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். இவற்றுள் சில, கண்ணில் படுவதற்கு வெகு முன்பே காதில் விழுகின்றன.

என் தமக்கை மகன் ஆம்பூரில் ஒரு காலணி ஆலையில் பணியாற்றுகிறான். சென்ற தீபாவளிக்கு போனஸ் கைக்கு வந்ததும் என்னிடம் வந்து, "மாமா, ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாத்திட்டா பிக்கப் ஏறுமாம். எதை வாங்கலாம்னு விசாரிச்சுச் சொல்லுங்க" என்றான். அவன் வண்டி கார்புரேட்டர் கொண்ட பழைய 100 சிசி வண்டி. கேட்ட தொகையோ ஏறக்குறைய அரை மாத ஊதியம். ஒரு தொழிலாளியின் அரை மாத உழைப்பைச் செலவழிக்கும் முன், அது எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொள்வது நியாயம்தானே? அவனுக்காக விசாரித்ததும் நானாகக் கணக்குப் போட்டுப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

பெட்ரோலில் ஓடும் என்ஜின் உண்மையில் காற்றைத்தான் அதிகம் உட்கொள்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ எடை என்று கொண்டால், அதை எரிக்க ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வடிகட்டி வழியாகச் செல்ல வேண்டும். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டி ஆம்பூருக்கு ஒருமுறை போய்த் திரும்பினால், ஓர் அறையை நிறைக்கும் அளவுக்குக் காற்றை விழுங்கியிருக்கும். அது எத்தகைய காற்று? கிருஷ்ணகிரி, பர்கூர் பகுதிகளிலிருந்து கருங்கல் பாளங்களையும் ஜல்லியையும் ஏற்றிவரும் லாரிகளின் பின்னால் எழும் தூசி கலந்த காற்று. கருங்கல் தூசியில் படிகக்கல் இருக்கிறது. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் எண் 7. சிலிண்டரின் இரும்பு அதைவிட மென்மையானது. வடிகட்டியைத் தாண்டி உள்ளே புகும் ஒவ்வொரு துகளும் பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உப்புத்தாள்போல் உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் என்ஜின் ஆயில் குறையத் தொடங்கும், பின்னால் நீலப் புகை தெரியும், பிறகு மெக்கானிக் 'போர் அடிக்கணும்' என்பார்.

ஆகவே, 'அதிகக் காற்றை விடும் வடிகட்டி' என்று விற்பனையாளர் சொல்லும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது அதிகத் தூசியையும் விடுமா என்பதுதான். இரண்டாவது கேள்வி, இந்த என்ஜினுக்கு அவ்வளவு காற்று தேவைப்படுகிறதா என்பது. 97 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு 8,000 முறை சுழன்றால், இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை வீதம் 4,000 முறை மூச்சை இழுக்கும். கோட்பாட்டளவில்கூட அது நிமிடத்துக்கு 390 லிட்டரைத் தாண்டாது. 349 சிசி புல்லட் வகை என்ஜின் அதன் உச்சத் திறனில் சுமார் 1,060 லிட்டர் கேட்கும். நிறுவனம் பொருத்திய வடிகட்டி இந்த உச்சத் தேவையைக் கணக்கிட்டே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வாணியம்பாடிச் சாலையில் பாதி ஆக்சிலரேட்டரில் செல்பவருக்கு அதில் பெரும்பகுதி தேவையே இல்லை. அந்நேரம் காற்றைக் கட்டுப்படுத்துவது வடிகட்டி அல்ல, ஓட்டுபவரின் வலது கை மணிக்கட்டு.

சந்தையில் கிடைக்கும் வடிகட்டிகளை அறிந்துகொள்வதில் பெரிய சிரமம் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் வருவது மடித்த தாள் வடிகட்டி. மிக நுண்ணிய தூசியையும் பிடிப்பதில் இதை மிஞ்சுவது அரிது. அடைத்தால் மாற்ற வேண்டும் என்பது மட்டுமே குறை. சில வண்டிகளில் தாளுக்கு எண்ணெய்ப் பசை ஊட்டியிருப்பார்கள். வாட்டர் சர்வீஸ் கடைகளில் இதையும் கம்பிரசர் காற்றால் ஊதித் தருவது நம்மூர் வழக்கம். அப்படி ஊதினால் பசையோடு பிடித்து வைத்த தூசி தாளின் இழைகளைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அதன்பின் அது வடிகட்டி இல்லை, சல்லடை. அடுத்தது பஞ்சு, அதாவது ஃபோம். இதைக் கழுவி, உலர்த்தி, அதற்குரிய எண்ணெய் தடவி மீண்டும் பயன்படுத்தலாம். எண்ணெய் தடவ மறந்தால் பாதிப் பயன் போய்விடும். மூன்றாவது, அமெரிக்காவின் கே அண்டு என் நிறுவனம் 1969 முதல் பரப்பிய பருத்தித் துணி வடிகட்டி. இதுவும் கழுவிப் பயன்படுத்தத் தக்கது. பல ஆண்டுகள் உழைக்கும். பழைய பெட்டிக்குள் அப்படியே பொருந்தும் வகையை வாங்கி, முறையாகப் பராமரித்தால் தவறில்லை. ஆனால் அதன் பெயரில் உலவும் போலிகள் ஏராளம். எண்ணெய் குறைந்தால் தூசி புகும், மிகுந்தால் மூச்சு முட்டும். புழுதிச் சாலையில் நாள்தோறும் ஓடுபவர், கழுவி உலர்த்த ஒரு நாள் வண்டியை நிறுத்திவைக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

இளைஞர்கள் விரும்புவது இவற்றில் எதுவுமில்லை. காற்றுப் பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, கார்புரேட்டரின் வாயில் நேராக மாட்டும் கூம்பு வடிவ வடிகட்டியைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பெட்டி வெறும் பிளாஸ்டிக் டப்பா அன்று. விட்டு விட்டு இழுக்கும் காற்றைச் சீராக்குவதும், மழைநீர் உள்ளே போகாமல் தடுப்பதும், குறிப்பிட்ட வேகங்களில் காற்றலையின் எதிரொலியைக் கொண்டு சிலிண்டரை நன்கு நிரப்புவதும் அதன் வேலை. அதை அகற்றினால் 'உஸ்' என்ற இரைச்சல் கூடும். நடுத்தர வேகத்தில் இழுவை குறையும். என்ஜினின் சூட்டில் காய்ந்த காற்றை அது உறிஞ்சும். வேலூர்ச் சீமையின் சித்திரை வெயிலில் அந்தக் காற்றின் அடர்த்தி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி சைலன்சர். சைலன்சரை மாற்றினால் வண்டி பறக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய்யன்று. வேறொரு காலத்து உண்மை. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் காடன் என்ற பொறியாளர், டூ-ஸ்ட்ரோக் என்ஜினின் புகைக்குழாயை நடுவில் பருத்தும் இரு முனையிலும் ஒடுங்கியும் இருக்கும்படி அமைத்தார். வெளியேறும் புகையின் அழுத்த அலை அந்த ஒடுக்கத்தில் மோதித் திரும்பி, தப்பியோடும் புதிய எரிபொருள் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அசையும் பாகம் ஏதுமில்லாத ஒரு தகரக் குழாய் என்ஜினின் திறனையே உயர்த்தியது. 1961-இல் அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். நுட்பமும் அவரோடு ஜப்பானுக்குப் போனது. மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. நம் நாட்டில் 1985 முதல் 1996 வரை விற்பனையான யமஹா ஆர்எக்ஸ் 100 அந்த மரபின் பிள்ளை. 98 சிசியில் 11 குதிரைத்திறன் தந்த அந்த வண்டியில் சைலன்சர் என்ஜினின் ஓர் உறுப்பு. அதன் ஓசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறையே இன்றைய இளைஞர்களின் தந்தையர்.

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் அந்த மாயம் நிகழாது. இங்கே வால்வுகள் இருக்கின்றன. குழாயின் நீளமும் விட்டமும் புகை வெளியேறும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. சரியான வேகத்தில் வெளியேறும் புகை, பின்னால் ஒரு வெற்றிடத்தை ஏற்படுத்திப் புதிய காற்றை இழுத்துக்கொள்ளும். அகன்ற, தடையற்ற குழாயைப் பொருத்தினால் குறைந்த வேகத்தில் புகையின் ஓட்டம் தளர்ந்துவிடும். பந்தயத் தடத்தில் எப்போதும் உச்சச் சுழற்சியில் செல்பவருக்கு அது இழப்பன்று. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஒருவரை அமர்த்திக்கொண்டு ஏறுபவருக்கு இழப்பு. அதிக ஓசையை அதிக வேகம் என்று காது நம்பிவிடுகிறது, நிறுத்துகடிகாரம் நம்புவதில்லை.

புதிய வண்டி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தபின், புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கிக் கலமும் பிராணவாயுவை அளக்கும் உணரியும் இடம்பெற்றுவிட்டன. கலம் பெரும்பாலும் பென்ட் பைப்பிலோ அதையொட்டியோ இருக்கிறது. முழுக் குழாயையும் மாற்றினால் அது போய்விடும். கடைசிப் பகுதியை மட்டும் மாற்றினால் பெரும்பாலான வண்டிகளில் தங்கும். காற்று கூடும்போது உணரியின் உதவியால் கணினி ஓரளவு எரிபொருளைச் சரிக்கட்டும். முழு ஆக்சிலரேட்டரில் அது தன் நினைவிலுள்ள பழைய கணக்கையே பின்பற்றும். அப்போது கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு ஏற்கெனவே கலவையை மெலியச் செய்வது: ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் காற்றே போதும். கார்புரேட்டர் வண்டியில் இதைச் சரிசெய்ய ஜெட்டை மாற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். இளம் பழுப்பு நிறம் நலம். கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. வெளிறிச் சுண்ணாம்புபோல் இருந்தால் உடனே வண்டியை நிறுத்துவது நல்லது.

சட்டம் சொல்வதை விற்பனையாளர் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, நிறுவனம் வரையறுத்த தன்மைகளிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. இதை உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தால் சேர்ந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, காற்று மாசு விதிகளை மீறுவோருக்கு 190-ஆவது பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பு என்கிறது. உரிமம் மூன்று மாதம் இல்லையென்றால் முதல் ஷிப்டுக்கு எப்படிப் போவது? கைப்பற்றிய சைலன்சர்களை வரிசையாக அடுக்கிச் சாலை உருளையால் நசுக்கும் காட்சியை ஆந்திரம், கர்நாடகம் போன்ற மாநிலங்களில் பார்த்துவிட்டோம். விபத்து நேர்ந்தால், அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. பெட்டியின் மேல் 'பந்தயத் தடத்துக்கு மட்டும்' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தால், அந்த எழுத்து வாங்குபவரைக் காப்பதற்காக அங்கே இல்லை.

புதிய வண்டி ஆலையிலிருந்து வெளிவரும்போது அதன் ஓசை 80 முதல் 175 சிசி வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். டெசிபல் நேர்க்கோட்டில் ஏறும் அளவு அன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் திரும்பும் ஒரே ஒரு வண்டி, தெருவில் அதிகாலை ஷிப்டுக்காகத் தூங்கும் பலரை எழுப்பிவிடுகிறது. உரத்த ஓசை விபத்தைத் தடுக்கும் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் சைலன்சரின் வாய் பின்னோக்கி இருக்கிறது. மோதும் ஆபத்தோ பெரும்பாலும் முன்னால் இருந்து வருகிறது. அதற்குத்தான் ஹாரன்.

அப்படியானால் சைலன்சரை மாற்றவே கூடாதா? துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது நிறுவனத்தின் அசல் பாகமே முதல் தேர்வு. அதுவன்றி வேறு வாங்குவோர், தம் வண்டியின் அந்த மாடலுக்கே சான்றளிக்கப்பட்டதா, வினையூக்கிக் கலம் தங்குகிறதா, உத்தரவாதம் நிலைக்குமா என்ற மூன்றையும் பில்லில் எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் பேரம் பேசுவது வீண்.

தமக்கை மகனின் வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். பக்கவாட்டு மூடியைத் திறந்து வடிகட்டியை எடுத்ததும் அவர் அதைத் தரையில் ஒருமுறை தட்டினார். காலடியில் ஒரு கைப்பிடி அளவு செம்புழுதி விழுந்தது. எப்போது மாற்றினாய் என்றதற்கு அவனிடம் பதில் இல்லை. புதிய அசல் வடிகட்டி, ஒரு பிளக், வால்வு இடைவெளி சரிபார்ப்பு, தளர்ந்த செயினை இறுக்கியது, டயர்களுக்குக் காற்று என எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாயை எட்டவில்லை. பர்கூர்ச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துத் திரும்பியவன், "இழுக்குது மாமா" என்றான். மிச்சப் பணத்தில் தேய்ந்துபோன பின் டயரை மாற்றிக்கொண்டான். சைலன்சரின் படம் மட்டும் அவன் அலைபேசியில் இன்னும் இருக்கிறது. அடுத்த போனஸுக்குப் பார்க்கலாம் என்கிறான்.