செயற்கைச் சந்திரனும் சண்டிலிப்பாய் ஆச்சியும்

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். கல்வளைப் பிள்ளையார் கோயில் வீதியில் மாலை வேளையிற் கூடிய பெரியோர், புகையிலை விலையை மறந்து ஆகாயத்தைப் பற்றிப் பேசினர். பத்திரிகையை உரக்க வாசித்துக்காட்டிய சிறுவனாகிய என்னிடம் ஆச்சி கேட்டது ஒன்றே: “எடே மோனை, உது எங்கடை வளவுக்கை விழாதே?”

நாங்கள் நகைத்தோம். ஆயின் அதே அச்சம், சற்றே கற்றறிந்த உருவில், வாஷிங்டன் மாநகரையும் பிடித்திருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஒக்டோபர் 4ஆந் திகதி சோவியத் ருஷ்யா வானிலேற்றிய ஸ்புட்னிக், 23 அங்குல விட்டமும் 184 இறாத்தல் நிறையும் உடைய ஓர் உலோகப் பந்து. நான்கு நீண்ட கம்பிகள். உள்ளே மின்கலங்களும் வானொலிக் கருவியும். 96 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவந்தது. குண்டில்லை, புகைப்படக் கருவியுமில்லை. ‘பீப், பீப்’ என்ற ஒலி மாத்திரமே. அதுவும் உலகெங்கணும் வானொலி ஆர்வலர் கேட்கத்தக்க சிற்றலையில்!

பின்னர் அமெரிக்கர் நடுங்கியது எதற்கு? பந்துக்கன்று, அதனை ஏற்றிய வாகனத்துக்கு. ‘ஆர்-7’ எனும் அந்த ஏவுகணை, கண்டம் விட்டுக் கண்டத்துக்கு அணுகுண்டைச் சுமந்து செல்லவென்றே ஆக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே சோதனையில் வெற்றி கண்டது. பந்தை ஏற்றிய கை குண்டையும் ஏற்றுமன்றோ? இன்னொரு விந்தை: மக்கள் வெறுங்கண்ணாற் கண்டு வியந்தது பெரும்பாலும் பந்தையன்று, தானும் கூடவே சுற்றிவந்த அவ்வாகனத்தின் உடலையே. அதனை ஆக்கிய தலைமைப் பொறியியலாளர் கொரலியோவின் பெயரோ 1966இல் அவர் மறையும் வரை உலகுக்கு மறைக்கப்பட்டிருந்தது.

ஜனாதிபதி ஐசன்ஹோவர் அஞ்சுதற்கொன்றுமில்லை என்றார். ஒரு மாதம் செல்லுமுன் லைக்கா என்னும் நாயுடன் இரண்டாம் ஸ்புட்னிக் எழுந்தது. டிசம்பர் 6இல் அமெரிக்காவின் ‘வான்கார்ட்’ சில அடி உயர்ந்து, தொலைக்காட்சி பார்த்திருந்தோர் கண்ணெதிரே வெடித்து வீழ்ந்தது. 1958 ஜனவரி இறுதியிலேதான் அவர்களது ‘எக்ஸ்ப்ளோரர்’ விண்ணடைந்தது. அதன்பின் ‘நாசா’ பிறந்தது. பாடசாலைகளில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் பெருநிதி ஒதுக்கிச் சட்டமும் இயற்றினர். அச்சம் பள்ளிக்கூடத்திற் சென்று முடிந்தது மாணவர்க்கு நன்மையே.

வானத்தைச் சாட்சிக்கழைக்கும் போட்டி நம்மூரவர்க்குப் புதிதன்று. சண்டிலிப்பாய்க்குச் சில மைல் தொலைவிலுள்ள வட்டுக்கோட்டையிலே, 1829இல், அமெரிக்க மிஷன் செமினரியின் டானியல் பூவர் பாதிரியார் ஒரு சந்திரகிரகணத்தைக் கணித்தார். பஞ்சாங்கக் கணிதத்திற் புகழ்பெற்ற அராலி விசுவநாத சாஸ்திரியாரின் கணக்கு வேறாக இருந்தது. கிரகணம் பாதிரியார் கணக்கின்படியே நிகழ்ந்தது. அக்கணக்கு வென்றமையால் தம் சமயமும் வென்றதென மிஷனரிமார் பேசினர். ஸ்புட்னிக் வென்றமையாற் பொதுவுடைமையே வென்றதென மொஸ்கோ பேசியதும் அவ்வகையினதே. சாஸ்திரியாரின் சந்ததியார் பஞ்சாங்கத்தைக் கைவிட்டாரல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1961 டிசம்பரில், விண்வெளியை முதன்முதல் வலம்வந்த யூரி ககாரின் இலங்கைக்கே வந்துபோனார். அப்போது நான் உயர்வகுப்பு மாணவன். ஆச்சி இல்லை.

ஆனால் ஸ்புட்னிக்கின் முடிவை அவர் அறிந்திருந்தார். 1958 ஜனவரி 4ஆந் திகதி அது காற்றுமண்டலத்துள் இறங்கி எரிந்து போயிற்று. செய்தியை வாசித்துக்காட்டினேன். வெற்றிலையை மடித்தபடி ஆச்சி கேட்டார்:

“மூண்டு மாசத்துக்கோ மோனை உந்த ஆரவாரம்?”